பதினெட்டாம் தேதி மறுபடியும் இங்கே

ஹூசும், 11 மார்ச் 1983

செவெரின்,

'அன்புள்ள' என்று எழுத ஆரம்பித்து, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது இரண்டாவது தாள்.

நான் கொர்டுலா. கெரேயோனின் தங்கை. நினைவில்லை என்று சொல்லிவிடாதே, போன மாதம் பத்திரிகைக்காரனிடம் என்னைப் பற்றி அரைப் பக்கம் பேசியிருக்கிறாய். முப்பத்து நான்கு வருடமாக நான் உயிரோடு இருக்கிறேனா என்று விசாரிக்காதவன், பத்திரிகைக்கு மட்டும் என் ஞாபகத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

இந்த ஊரில் இருப்பது ஒரே ஒரு சினிமாக் கொட்டகை. அதில் பதினாறு வருடமாக டிக்கெட் கொடுப்பவள் நான். இப்போது புரிகிறதா? உங்கள் படத்துக்கு இந்த ஊர் ஜனம் என் கையில்தான் டிக்கெட் வாங்கியது. கட்டம் போட்ட சட்டையும் கிதாருமாக நான்கு பையன்கள் சுவரொட்டியில் நிற்கிறார்கள். அதில் உயரமானவன் நெற்றியில் முடி விழுந்து கிடக்கிறது, கெரேயோனுக்கு விழுவது போலவே. அதைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு. கடைசியில் நம் பையன்களைப் பற்றி யாரோ ஒரு படம் எடுத்துவிட்டார்கள் என்று, இடைவேளைக்கு முன்பே கவுண்டரை மூடிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

ரப்பர் எழுத்துகளை வைத்து 'போர் போதும்' என்று துண்டுத் தாளில் அச்சடிக்கும் காட்சி வந்தது. அது குழந்தைகள் விளையாடும் அச்சுப் பெட்டி, எனக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்தது, நான்தான் கெரேயோனுக்குக் கொடுத்தேன். படத்தில் அது வேறு யாருடையதோ. சரி, போகட்டும். அப்புறம் அந்தப் பெண் வந்தாள், கதாநாயகனின் தங்கை, கிளாரா. நாஜி இளைஞர் படை ரோந்துக்காரன் ஒருவனிடம் மயங்கிக் கிடக்கிறாள். மலைக் குடிலில் இருக்கும் வருகைப் புத்தகத்தில், அவன் பார்க்கட்டும் என்று நாலு பையன்களின் பெயரையும் எழுதி, பக்கத்தில் 'பதினெட்டாம் தேதி மறுபடியும் இங்கே' என்றும் எழுதுகிறாள். பதினெட்டாம் தேதி போலீஸ் காத்திருக்கிறது. அண்ணன் சாகிறான். அவள் இரண்டு நாளில் வெளியே வந்துவிடுகிறாள், புதுப் பட்டுக் காலுறையோடு.

படம் முடிந்து வெளியே வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண் என் கவுண்டர் முன்னால் நின்று, தன் தோழியிடம், "அந்தச் சனியன் மட்டும் எழுதாம இருந்திருந்தா எல்லாரும் பொழச்சிருப்பாங்கடி" என்று மூக்கை உறிஞ்சினாள். எங்கள் முதலாளி பெடர்சன், நல்ல மனிதர், என்னிடம் கேட்டார்: "கொர்டுலா, நீங்க கொலோன் ஆளுதானே? அப்படி ஒரு பொண்ணு நெசமாவே இருந்தாளா?" நான் சில்லறை எண்ணுவது போல் குனிந்துகொண்டேன்.

படத்தின் கடைசியில் 'ஆலோசனை' என்று உன் பெயர் வருகிறது. பத்திரிகையிலும் நீயே சொல்லியிருக்கிறாய்: கிளாரா கற்பனை இல்லை, கெரேயோனுக்கு அப்படி ஒரு தங்கை உண்டு, அவள் வடக்கே எங்கோ போய்விட்டாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அதே பத்திரிகையில், உன் கையெழுத்தோடு நாலு வரி. கெரேயோனின் தங்கை யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை என்று எழுது. என் மகள் வீப்கெ பக்கத்து ஊரில் ஆசிரியை. தன் வகுப்பை அந்தப் படத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். மாமா பெயர் கெரேயோன் என்று அவளுக்குத் தெரியும். மற்றதை அவளுக்கு நான் சொன்னதே இல்லை.

கொர்டுலா


கொலோன், 20 மார்ச் 1983

அன்புக் குருவி,

உன்னை இப்படிக் கூப்பிட இப்போது நான் ஒருவன்தான் மிச்சம், அதனால் கோபித்துக்கொள்ளாதே. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். என் பேரன் மார்க்குஸ், "தாத்தா, வருமான வரியா?" என்று கேட்டான். அப்படி வெளுத்துப் போயிருந்ததாம் என் முகம்.

படம் படம்தான், குருவி. அந்த இயக்குநர் பையனுக்கு முப்பது வயது. அவன் என் சமையலறையில் உட்கார்ந்து மூன்று நாள் பேச்சைப் பதிவு செய்தான். உருளைக்கிழங்கு அடை மட்டும் பதினாறு தின்றான். நான் சொன்னதில் பாதியை விட்டுவிட்டு, சொல்லாததில் பாதியைச் சேர்த்துவிட்டான். பட்டுக் காலுறை அவன் சரக்கு. காதல் அவன் சரக்கு. காதல் இல்லாவிட்டால் யாரும் காசு போடமாட்டார்களாம். பெயரைக்கூட மாற்றித்தானே வைத்திருக்கிறான்? கிளாரா யாரென்று உன் ஊரில் யாருக்குத் தெரியும்?

ஒன்றை நீயும் யோசிக்க வேண்டும். போர் முடிந்து இத்தனை வருடமாக, நாம் ரவுடிகள், தெருப் பொறுக்கிகள் என்றுதான் காகிதத்தில் இருக்கிறது. நஷ்டஈடு கேட்டு விண்ணப்பம் போட்டபோது மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், "தெருச் சண்டைக்காரனெல்லாம் இப்ப தியாகியா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டார். இந்தப் படம் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். ஜூன் பதினெட்டாம் தேதி, கெரேயோன் பெயரில் நம் தெரு முனையில் கல்வெட்டு வைக்கிறார்கள், குருவி! அந்தத் தேதியைக் கேட்டு வாங்கியவன் நான். பேசப் போவதும் நான். இந்த நேரத்தில் பத்திரிகையில் மறுப்பு கிறுப்பு என்று ஏதாவது வந்தால், பார்த்தீர்களா, இவர்களுக்குள்ளேயே அடிதடி என்பார்கள்.

அப்புறம், உன்னிடம் பழைய கணக்குப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் நீ இரண்டு நாளில் வெளியே வந்தாய். நாங்கள் அங்கேயே கிடந்தோம். தெருவே அதைப் பார்த்தது. அன்றைக்கு எல்லோரும் வேறு என்ன நினைத்திருக்க முடியும், நீயே சொல். உனக்குப் பதினைந்து வயது. பயந்திருப்பாய். நான் உன்னை மன்னித்து ரொம்ப நாளாகிறது.

கல்வெட்டுத் திறப்புக்கு வா. உன் அம்மாவின் கல்லறையை நான்தான் களை எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன், தெரியுமா?

உன் செவெரின்


ஹூசும், 26 மார்ச் 1983

செவெரின்,

மன்னித்துவிட்டாயா! அந்த ஒரு வார்த்தைக்காகவே ரயில் ஏறி வந்து உன் சமையலறையில் உள்ள தட்டையெல்லாம் உடைக்கலாம் போலிருக்கிறது. உன் மன்னிப்பை நீயே வைத்துக்கொள்.

அந்த இரண்டு நாளைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை. எல்லோரிடமும் பதில் ஏற்கெனவே இருந்தது. இப்போது கேள்.

1944 ஜூன் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. குடிலின் கதவைத் திறந்ததும் உள்ளே ஐந்து பேர் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்கள். நீ, கெரேயோன், லாம்பெர்ட், வில்லி, நான். நம்மை லாரியில் ஏற்றியது வரை உனக்கும் தெரியும். என்னைத் தனி அறையில் விட்டார்கள். மறுநாள் சாயங்காலம் ஒருவன் வந்தான், தட்டச்சு செய்த ஒரு தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "உன் பேரு இதுல இல்லையே. நீ எதுக்கு மலைக்குப் போன?" என்றான். "அண்ணனோட பழம் பறிக்கப் போனேன்" என்றேன். ஓங்கி ஒரு அறை விட்டான். இந்த இடது காது இன்றுவரை சரியாகக் கேட்காது. அப்புறம் ஒரு நாள் பூட்டி வைத்துவிட்டு, "போடி வீட்டுக்கு" என்று தள்ளிவிட்டான். அவ்வளவுதான். ஒரு பெயரைக்கூட என்னிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று முப்பத்தொன்பது வருடமாக எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்து, என் தோளுக்குப் பின்னால் கெரேயோனைத் தேடினாள். நவம்பரில் சிறை முகாமிலிருந்து அவன் துணிமணி மூட்டையாக வந்தது, காய்ச்சலில் இறந்தான் என்று ஒரு துண்டுச் சீட்டோடு. அப்போதுகூட அம்மா என்னைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். அடுத்த வசந்தத்தில் நீ திரும்பி வந்தாய். அதற்கப்புறம்தான் அவள் என் கையால் ஒரு கோப்பை காப்பிகூட வாங்கிக் குடிக்கவில்லை. ரொட்டிக் கடையில் என் முறை வந்தால் எனக்குப் பின்னால் நிற்பவளைக் கூப்பிடுவார்கள். இருபது வயதில் மீன் லாரி ஒன்றில் ஏறி வடக்கே வந்தேன். அம்மா செத்ததற்குத் தந்திகூட எனக்கு வரவில்லை. அந்தக் கல்லறையில் நீ களை எடுக்கிறாய்.

இப்போது உன்னிடம் ஒரு கேள்வி. நிதானமாகப் படி.

அந்த வருகைப் புத்தகத்தைப் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. படத்தில்தான் முதல் தடவை பார்த்தேன். பெந்தெகொஸ்தே பண்டிகை விடுமுறையில் மலை நடைக்கு நான் உங்களோடு வரவில்லை, மறந்துவிட்டாயா? ராணுவ மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு அந்த இரண்டு நாளும் வேலை. ரத்தக்கறைப் போர்வைகளை அலசிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை கெரேயோன் வெயிலில் வெந்த மூக்கோடு வந்து, "நீ வராம போயிட்டியே, செவெரின் சூப்புல உப்புக்குப் பதிலா சோடாவப் போட்டுட்டான்" என்று சிரித்தான். அதன்பிறகு மூன்று வாரம் கழித்துத்தான் நான் மலை ஏறினேன். கதவைத் திறந்தோம், துப்பாக்கி.

அப்படியானால் நான் எப்படி அந்தப் புத்தகத்தில் எழுதியிருப்பேன்?

லாம்பெர்ட்டைப் போர்முனைக்கு அனுப்பினார்கள், அவன் திரும்பவில்லை. வில்லி செத்துப் பன்னிரண்டு வருடம். மிச்சம் இருப்பது நீயும் நானும். 'பதினெட்டாம் தேதி மறுபடியும் இங்கே.' அந்த வரி இயக்குநர் பையனுக்கு எங்கிருந்து கிடைத்தது, செவெரின்?

கொர்டுலா


ஹூசும், 30 ஏப்ரல் 1983

செவெரின்,

ஐந்து வாரமாகிறது. ஒருவேளை கடிதம் வழியில் தொலைந்துவிட்டதோ என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாவது வாரம் அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

வீப்கெ வந்திருந்தாள். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே கேட்டாள்: "அம்மா, அது நீயா?" கையில் உன் பேட்டி வந்த பத்திரிகை, யாரோ சக ஆசிரியை கொடுத்ததாம். நான் இல்லை என்று சொன்னேன். "அப்புறம் ஏன் இவ்வளவு வருஷமா ஒரு வார்த்த சொல்லல?" என்றாள். இதற்கு நான் என்ன சொல்வது? பதினைந்து வயதிலிருந்து இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் நிறுத்திவிட்டேன் என்றா? அவள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்கிறவள், மூன்று ஞாயிறாகச் செய்யவில்லை.

எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். என் அம்மா அந்தப் பொய்யை நம்பியே செத்தாள். என் மகளும் அப்படிச் சாக வேண்டாம்.

பதில் எழுது.

கொர்டுலா


கொலோன், 9 மே 1983

கொர்டுலா,

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். தட்டச்சில் முயன்று பார்த்தேன், வரவில்லை. கையால் எழுதுகிறேன்.

எழுதியது நான்.

என் அப்பாவை உனக்கு நினைவிருக்கும், நடைப்பயணச் சங்கத்துச் செயலாளர், காக்கி அரைக்கால் சட்டை, கைத்தடி. நடக்கப் பழகியதிலிருந்து அவர் என் காதில் ஓதியது ஒன்றே: குடிலில் ஒரு ராத்திரி தங்கினால், கிளம்பும் முன் புத்தகத்தில் எழுது. யார், எங்கிருந்து, அடுத்து எங்கே. மூடுபனியில் வழி தவறினால் தேடி வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். எழுதாமல் போகிறவனை அவர் திருடன் என்பார். எனக்கு ஒன்பது வயதில் ஒரு தடவை எழுத மறந்துவிட்டேன் என்று நாலு மைல் திருப்பி நடக்க வைத்தார்.

நம் விதி உனக்குத் தெரியும், எதையும் எழுதி வைக்கக் கூடாது. விதியைச் சொன்னவன் கெரேயோன். கை தூக்கி ஆமோதித்தவன் நான். பெந்தெகொஸ்தே திங்கள் காலை, மற்ற மூவரும் ஓடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அச்சுப் பெட்டியைத் தரைப் பலகைக்கு அடியில் ஒளித்துவிட்டு நிமிர்ந்தேன். மேசை மேல் புத்தகம் திறந்திருந்தது, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை, கொர்டுலா. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது போல, கை தானாகப் போய் எழுதியது. நாலு பேரின் முழுப் பெயர், தெருப் பெயர். 'அடுத்து எங்கே' என்ற கட்டத்தில், பதினெட்டாம் தேதி மறுபடியும் இங்கே. அழகான கையெழுத்தில். எழுதி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்தேன், ஒரு நல்ல பையனைப் போல.

நாம் பேருந்திலும் மாதாகோயிலிலும் போட்டுவிட்டு வந்த துண்டுத் தாள்களைப் பார்த்து, போலீஸ்காரர்கள் அந்தப் பக்கத்துக் குடில்களிலெல்லாம் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார்கள். பலகையையும் பெயர்த்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் அந்தப் புத்தகத்தை என் முன்னால் வைத்து, "இது யாரு கையெழுத்து?" என்றான். என் காலுக்குக் கீழே ஈரமாக இருந்தது, அவ்வளவு பயம். கெரேயோனையும் அதே அறைக்கு இழுத்து வந்தார்கள். அவன் புத்தகத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி அடித்தவனுக்கு என் கையெழுத்து தெரியாதா? "நான்தான் எழுதினேன். தலைவன் நான், நான்தானே எழுதணும்?" என்றான். அவர்களுக்கும் ஒரு தலைவன்தான் வேண்டியிருந்தது. எனக்கு ஒன்பது மாதம் சிறை. அவனுக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரியும்.

தாழ்வாரத்தில் அவனைக் கொண்டுபோகும்போது என் பக்கமாகச் சாய்ந்து, "குருவியப் பாத்துக்கடா" என்றான். அதுதான் அவன் கடைசியாக என்னிடம் பேசியது.

வெளியே வந்ததும் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருடா சொன்னது? யாரு?" என்று உலுக்கினார்கள். அப்புறம் அவர்களே சொன்னார்கள்: "இவ ரெண்டே நாள்ல வந்துட்டாளே, செவெரின்." நான் ஆமாம் என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொள்ளவிட்டேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் ஈஸ்டருக்கு. நீ ஊரைவிட்டுப் போனதும், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். பொய் சொல்லிக்கொண்டே இருந்தால் அது பார்த்த விஷயம் போல ஆகிவிடுகிறது. கிளாரா குனிந்து எழுதுவதைத் திரையில் பார்த்தபோது, ஒரு நிமிடம் நானே நம்பினேன்.

கல்வெட்டு வரைக்கும் பொறுத்துக்கொள். அது முடிந்ததும் பத்திரிகைக்கு நானே எழுதுகிறேன். மார்க்குஸ் என்னைப் பற்றிப் பள்ளியில் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கியிருக்கிறான். அவனிடம் முதலில் நான் சொல்ல வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன்.

செவெரின்


ஹூசும், 14 மே 1983

செவெரின்,

கடிதம் கொட்டகை விலாசத்துக்கு வந்தது. பெடர்சன் கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டுப் படப்பெட்டிகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அன்றைக்கு முதல் காட்சிக்கு டிக்கெட் கொடுத்தது அவர்தான்.

நீ எழுதியதற்காக நான் அழவில்லை. பதினேழு வயதுப் பையன், கைப்பழக்கம், எழுதிவிட்டாய். அதைக் கெரேயோனே பொறுத்துக்கொண்டான் என்றால் நான் யார்? அன்றைக்கு வந்து சொல்லியிருந்தால் நானும் உன்னோடு உட்கார்ந்து அழுதிருப்பேன், செவெரின். அம்மாவும் அழுதிருப்பாள். உன்னை அடித்திருப்பாள், அப்புறம் சூப் ஊற்றிக் கொடுத்திருப்பாள்.

"குருவியப் பாத்துக்கடா" என்றானா? என்னைப் பற்றித்தான் நினைத்தானா? அதைக்கூட என்னிடம் கொடுக்காமல் நீ வைத்துக்கொண்டாயே! அவன் உயிரை உனக்குக் கொடுத்தான். கூடவே எனக்கென்று நாலு வார்த்தை கொடுத்தனுப்பினான். நீ இரண்டையும் எடுத்துக்கொண்டு, அவன் தங்கையை அம்மாவின் முன்னால் தள்ளிவிட்டாய். போலீஸ்காரன் என்னை ஒரு தடவைதான் அறைந்தான்.

என் பெயர் அந்தத் தாளில் இல்லாததால்தான் என்னை விட்டார்கள் என்று இப்போதுதான் எனக்கே புரிகிறது. நான் மலைக்கு வரவில்லை, அதனால் நீ என் பெயரை எழுதவில்லை. நான் நிரபராதி என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அது. அதையே என் குற்றத்துக்குச் சாட்சியாக மாற்றிவிட்டாய்.

கல்வெட்டு முடிந்ததும் என்கிறாய். இல்லை. ஜூன் பதினெட்டாம் தேதி, அந்தத் தெரு முனையில், ஒலிபெருக்கி முன்னால் நீ சொல்ல வேண்டும். பத்திரிகை பழைய காகிதத்துக்குப் போய்விடும். தெரு கேட்க வேண்டும். நானும் வீப்கெயும் வருகிறோம். கடிதத்தை அவளிடம் இன்னும் காட்டவில்லை. உன் வாயால் கேட்கட்டும் என்று வைத்திருக்கிறேன். இது உன்மேல் நான் வைக்கும் கடைசி நம்பிக்கை. ஏன் வைக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கொர்டுலா


கொலோன், 15 ஜூன் 1983 (விரைவுத் தபால்)

கொர்டுலா,

நீ கிளம்பும் முன் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு அடைப்பது போல் இருந்தது. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். சனிக்கிழமை என்னால் வர முடியாது. நான் எழுதி வைத்த உரையை மார்க்குஸ் படிப்பான். சின்னப் பையன், அவன் வாயில் அந்த விஷயத்தை வைக்க முடியுமா, நீயே சொல். அதனால் உரை பழையபடியே இருக்கிறது. படம் வேறு விருதுக்குப் போயிருக்கிறது, நிறையப் பேர் வருவார்கள்.

இலையுதிர் காலத்தில் பார்க்கலாம். இவ்வளவு நாள் பொறுத்தவள் இன்னும் கொஞ்சம் பொறுக்கமாட்டாயா?

அந்தக் கடிதத்தை எரித்துவிடு. தவறாக எடுத்துக்கொள்ளாதே, யார் கையிலாவது கிடைத்துவிடப் போகிறது.

செவெரின்


ஹூசும், 20 ஜூன் 1983

செவெரின்,

விரைவுத் தபால் விரைவாகவே வந்தது. படித்துவிட்டு, வீப்கெயிடம் இரண்டு கடிதங்களையும் கொடுத்தேன். அவள் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து வந்து என் இடது பக்கம் நின்று ஏதோ சொன்னாள். அந்தக் காது கேட்காது என்று அவளுக்கே அப்போதுதான் நினைவு வந்தது. இந்தப் பக்கம் வந்து மறுபடியும் சொன்னாள். அது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம், உனக்குச் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை வந்தோம். தெருவை அடையாளம் தெரியவில்லை. ரொட்டிக் கடை இருந்த இடத்தில் துணி துவைக்கும் இயந்திரங்கள் வரிசையாக ஓடுகின்றன. நூறு பேருக்கு மேல் கூட்டம். கட்டம் போட்ட சட்டையில் அந்த நடிகர் பையன்களும் வந்திருந்தார்கள். கல்வெட்டு நன்றாக இருக்கிறது. அவன் பெயரைத் தடவிப் பார்த்தேன்.

உன் மார்க்குஸ் படித்தான். நல்ல குரல் அவனுக்கு. 'ஒரு பெண்ணின் பலவீனத்தால்' என்ற இடம் வந்தது. நீ எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்தான், பாவம். எனக்கு முன்னால் நின்ற கிழவி தலையை ஆட்டினாள். கூட்டம் முடிந்து கலைந்தபோதுகூட ஒருவேளை நீ எங்காவது பின்னால் நின்றுகொண்டிருப்பாய் என்று திரும்பிப் பார்த்தேன். இத்தனைக்கு அப்புறமும் பார்த்தேன்!

நான் கத்தவில்லை. கத்தினால் வடக்கிலிருந்து வந்த பைத்தியக்காரி என்று கையைப் பிடித்து அழைத்துப் போயிருப்பார்கள்.

கல்வெட்டுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி விரித்து ஒரு மேசை. அதன்மேல் தோல் அட்டை போட்ட பெரிய வருகைப் புத்தகம். பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எல்லோரும் வரிசையில் நின்று எழுதினார்கள், பெயர், எங்கிருந்து வருகிறேன், இரண்டு வார்த்தை. உங்கள் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பழகிப்போன காரியம் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானும் வரிசையில் நின்றேன். பூக்காரியிடம் வீப்கெ ஒட்டுநாடா வாங்கி வந்தாள்.

மே ஒன்பதாம் தேதி நீ எழுதிய கடிதத்தை நான் எரிக்கவில்லை. நாலு பக்கத்தையும் நாலு மூலையிலும் ஒட்டினேன், கையெழுத்து நன்றாகத் தெரியும்படி. அடுத்த பக்கத்தில் எழுதினேன்: கொர்டுலா, கெரேயோனின் தங்கை, ஹூசுமிலிருந்து. 'அடுத்து எங்கே' என்று அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை. நானே ஒரு கோடு போட்டு, 'மகளோடு வீட்டுக்கு' என்று எழுதினேன். அந்தப் புத்தகம் இனி மாவட்ட நூலகத்தில் இருக்குமாம், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம். எனக்குப் பின்னால் நின்றது மார்க்குஸ். நான் பேனாவை அவன் கையில் கொடுத்தேன். அவன் எழுதக் குனிந்தான், எழுதாமல் படிக்க ஆரம்பித்தான். அவனுக்காக எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான் நிற்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கொட்டகைக்கு அந்தப் படம் திரும்ப வந்திருக்கிறது. இதற்கு நான் டிக்கெட் கொடுக்க மாட்டேன் என்று பெடர்சனிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். முழுவதையும் சொன்னேன். வாய் வலிக்கவில்லை.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். என் பங்குக்கு இது கடைசிக் கடிதம். நீ படுக்கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வாரத்துக்குள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து உன் முன்னால் வைப்பார்கள். இது யார் கையெழுத்து என்று கேட்பார்கள். இந்தத் தடவை உனக்குப் பதிலாகச் சொல்வதற்குக் கெரேயோன் இல்லை.

கொர்டுலா